திப்ருகருக்குப் போன கருப்பட்டிக் காப்பி

குளோரி அக்காவுக்கு ஐம்பத்தேழு வயது. அருமனைப் பக்கம் நான் வேலை பார்க்கும் முந்திரி ஆலையில், பருப்பு தரம் பிரிக்கும் எங்கள் இருபது பேருக்கும் அவர்தான் மேஸ்திரி. தட்டில் ஒன்றிரண்டு பருப்பு கருகியிருந்தால் அக்கா குனிந்து பார்க்க வேண்டாம். மூக்கைச் சுருக்கியபடி நடந்து வந்து சரியான தட்டுக்கு முன்னால் நின்றுவிடுவார். கணவர் ஜேசுதாஸ் அண்ணன் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் அக்காவே பேசி முடித்துவிடுவதால் அவருக்கு அந்தத் தேவை வந்ததில்லை.

விடியுமுன்பே அண்ணன் தோட்டத்துக்குக் கிளம்ப வேண்டும். அதனால் அந்த வீட்டில் முதலில் எழுவது காப்பி வாசம்தான். கடையில் விற்கும் தூளை அக்கா வாங்கமாட்டார். ஆறுகாணிப் பக்கம் ரப்பருக்கு ஊடே காப்பி நட்டிருக்கும் ஒரு வீட்டிலிருந்து கொட்டை வாங்கி, காயவைத்து, இரும்புச் சட்டியில் தானே வறுத்து, ஒரு துண்டு சுக்கும் சேர்த்துப் பொடிப்பார். கருப்பட்டியைத் தட்டிப் போட்ட தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது தூளைப் போட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கி மூடி, மண்டி அடியில் தங்கியபிறகு தம்ளரில் ஊற்றுவார். பால் கிடையாது. பால் கேட்கிறவர்களை அவர் சுகமில்லாதவர்கள் கணக்கில் வைத்திருந்தார்.

அதற்காக அடுத்தவர் வீட்டுக் காப்பியை ஒதுக்குகிறவர் இல்லை. சபையிலிருந்து வீடு வீடாகச் சந்தித்து ஜெபிக்கப் போகும் நாளில் ஆறு வீட்டில் ஆறு விதமான காப்பி வரும். ஒன்று தண்ணீராக இருக்கும், ஒன்றில் பால் திரிந்திருக்கும். ஆறையும் அக்கா கடைசிச் சொட்டுவரை குடிப்பார். "ஒருத்தி அடுப்படியில நின்னு போட்டுத் தந்தத மிச்சம் வைக்கப்பிடாது" என்பார். திரும்பி வரும் வழியில் ஆறு காப்பியைப் பற்றியும் தனித்தனியாக எங்களிடம் குறை சொல்வார். அது வேறு விஷயம்.

ஒரே மகன் பெர்லின். மெக்கானிக்கல் படித்துவிட்டு மூன்று வருடம் பைக்கில் சுற்றினான். அவனோடு சுற்றியவர்கள் எல்லாம் கல்ஃபுக்கு விமானம் ஏறியபோது இவன் மட்டும் அசாமுக்கு ரயில் ஏறினான். திப்ருகர் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை. மகனுக்கு வேலை கிடைத்ததில் அக்காவுக்குச் சந்தோஷம்தான். எந்த மாதிரி ஆலை என்று யாராவது கேட்டால் மட்டும் "மிஷின் உள்ள ஆலை" என்று சொல்லி நடந்துவிடுவார்.

பெர்லின் கட்டியது திருவட்டாற்றுப் பெண் சஜிதாவை. போன வருடம் அவள் உண்டானபோது, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வருவதாகத்தான் பேச்சு. ஏழாம் மாதம் அங்குள்ள டாக்டர் பயணம் கூடாது என்று சொல்லிவிட்டார். சஜிதாவின் அம்மா மூட்டு ஆபரேஷன் செய்து படுத்திருந்தார். ஆகவே குளோரி அக்கா போவது என்று முடிவாயிற்று. கிளம்புவதற்கு முந்தின வாரம் பெர்லின் போன் செய்தான்.

"அம்மா, ஒரு காரியம். இங்க வந்து காப்பிதான் நல்லது, சாயா கொள்ளாதுன்னு யாருட்டயும் பேசப்பிடாது. எனக்க மானேஜர் சாயா ருசி பாக்குயதுல பெரிய ஆளு. அவருக்க நாக்குலதான் எங்க எல்லாருக்கும் சோறு."

"நான் எதுக்குல பேசப்போறேன்? எனக்க காப்பிய நான் கொண்டு வாறேன். அவருக்க சாயாவ அவரு குடிக்கட்டும்."

ஒரு ஊறுகாய் பாட்டிலும் இரண்டு டப்பாவும் நிறையக் காப்பித்தூள், ஐந்து கிலோ கருப்பட்டி, மண்டி தங்குவதற்கென்றே வைத்திருந்த பித்தளைச் செம்பு. இவ்வளவையும் ஜேசுதாஸ் அண்ணன் தோளில் ஏற்றிக்கொண்டார். நாகர்கோவிலில் ரயில் ஏறினார்கள். நாலு ராத்திரிப் பயணம்.

மறுநாள் விடியற்காலை சேலத்தில் ஒரு பெண் ஏறி எதிர் சீட்டில் உட்கார்ந்தாள். பெயர் முத்துக்கனி. புருஷன் ராணுவத்தில், அசாமில் இருக்கிறார். ஆள் ஒடிசலாக, காற்றடித்தால் சாய்கிற மாதிரி இருந்தாள். அக்காவுக்குப் பார்த்ததுமே பாவமாகிவிட்டது.

"காப்பி குடிச்சியா மக்கா?"

"இல்லம்மா. நான் காப்பி குடிக்கிறதில்ல."

"குடிக்கியதே இல்லியா?"

"சின்ன வயசுலேருந்தே பழக்கமில்ல. இப்ப டாக்டரும் தொடக்கூடாதுன்னுட்டாரு" என்று சொல்லிவிட்டு முத்துக்கனி மேல் படுக்கையில் ஏறிப் படுத்துக்கொண்டாள்.

எங்கள் பக்கம் காப்பி குடிப்பது என்றால் காலைச் சாப்பாடு சாப்பிடுவது. தோசையும் அதில் அடக்கம், புட்டும் பயறும் அதில் அடக்கம். அக்கா பிறந்ததிலிருந்து அப்படித்தான் கேட்டு, அப்படித்தான் பதில் வாங்கியிருக்கிறார். சேலத்துக்காரிக்கு அது எப்படித் தெரியும்? அவள் சொன்னது குடிக்கிற காப்பியை.

அக்கா அண்ணன் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "கேட்டியளா, காலத்த ஒண்ணும் திங்கப்பிடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காராம். சின்ன வயசுலயே உள்ள தீனமாம். அதான் பிள்ள இப்படி இருக்கு."

அண்ணன் மேலே ஒரு தடவை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முத்துக்கனி மத்தியானம்வரை தூங்கினாள். அதோடு அக்காவுக்குச் சந்தேகம் தீர்ந்தது. சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, காலையில் ஆகாரம் எடுக்க முடியாத இந்த மகளைத் தொட்டுச் சுகமாக்க வேண்டும் என்று முணுமுணுத்து ஜெபம் பண்ணினார்.

அடுத்த நாள் காலை மறுபடியும் தொடங்கினார்.

"இன்னைக்கும் காப்பி இல்லியா மக்கா?"

"வேணாம்மா."

"கொஞ்சமா குடிச்சுப் பாரு. ஒரு வாய். டாக்டருக்குத் தெரியவா போகுது?"

"வேணவே வேணாம்மா" என்று முத்துக்கனி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். சீட்டுக்கு அடியில் காப்பித்தூள் டப்பாக்களை அவள் பார்த்திருந்தாள். இந்த அம்மா ஊர் ஊராகத் தூள் விற்கிற ஆள், முதலில் ஒரு வாய் கொடுத்துவிட்டு அப்புறம் டப்பாவைத் தலையில் கட்டிவிடும் என்று புருஷனுக்கு வாட்ஸப்பில் செய்தியும் அனுப்பியாயிற்று.

ஒன்பது மணிக்கு முத்துக்கனிக்குப் பசித்தது. பையிலிருந்து பொட்டலத்தைப் பிரித்து, சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் சாப்பிடத் தொடங்கினாள். மூன்றாவது சப்பாத்தியை எடுக்கும்வரை அக்கா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மக்கா, டாக்டர் ஏசமாட்டாரா?"

"சப்பாத்திக்கு எதுக்கும்மா டாக்டர் ஏசறாரு?"

"காப்பி குடிக்கமாட்டேன்னு ரெண்டு நாளா சொன்னியே."

"ஆமா, குடிக்கமாட்டேன்."

"பின்ன இது என்ன?"

முத்துக்கனி கையிலிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது சப்பாத்திம்மா."

நாகர்கோவிலை விட்டபிறகு ஜேசுதாஸ் அண்ணன் முதல்முறையாக ஒரு முழு வாக்கியம் பேசினார். "எங்க ஊருல காலத்த எத தின்னாலும் அது காப்பிதான் பிள்ள. நீ இப்பம் மூணு காப்பி குடிச்சாச்சு."

புரிந்தபோது முத்துக்கனிக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. தூள் விற்கிற ஆள் என்று நினைத்ததையும் அவளே சொன்னாள். அக்காவுக்கு அதில் கோபமில்லை. "விக்கியதா இருந்தா உனக்கு ஒரு டப்பா வித்திருப்பேன்" என்று மட்டும் சொன்னார். டாக்டர் வேண்டாம் என்றது நெஞ்செரிச்சலுக்காம்.

அதற்கடுத்த நாள் காலை ரயில் வங்காளத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் கொண்டுவந்த காப்பி எப்போதோ தீர்ந்திருந்தது. ரயிலின் சமையல் பெட்டியில் வேலை செய்யும் ஒரு ஆளை அக்கா பழக்கம் பிடித்துவைத்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்கு இந்தி தெரியாது. செம்பை நீட்டி "சூடு, நல்ல சூடு" என்று அக்கா தன் விரலைத் தொட்டு உதறிக் காண்பித்தால், கொதிக்கும் தண்ணீர் வந்துவிடும். அந்தச் செம்பில் போட்ட காப்பியில் பாதித் தம்ளர் முத்துக்கனிக்கும் கிடைத்தது. டாக்டர் சொன்னதை மீறி அவள் குடித்தாள். "கஷாயம் மாதிரி நல்லாயிருக்கும்மா" என்றாள். இதைப் பாராட்டில் சேர்ப்பதா வேண்டாமா என்று அக்கா வெகுநேரம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்.

பெர்லின் குடியிருந்த குவார்ட்டர்ஸின் வேலிக்கு அந்தப் பக்கமே தேயிலை. கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் மட்டமாக வெட்டிவிட்ட பச்சை. அக்கா பையைக்கூட இறக்காமல் சுற்றிலும் பார்த்தார்.

"இவ்வளவு எடம் கெடக்குதே. ஒரு ஓரத்துல பத்து மூடு காப்பிச் செடி நட்டா என்னவாம்?"

"அம்மா, சொன்னேன்லா" என்றான் பெர்லின்.

வந்து ஒன்பதாம் நாள் காலையில், அக்கா அடுப்பில் தண்ணீர் வைக்கும்போதே சஜிதாவுக்கு வலி கண்டது. அப்படியே அடுப்பை அணைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பெர்லின் மருந்துச் சீட்டோடு ஒரு மாடிக்கும் இன்னொரு மாடிக்கும் அலைந்தான். அக்கா பிரசவ அறைக் கதவுக்கு முன்னால் நின்றார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. காலையில் தொண்டையில் ஒரு சொட்டு இறங்கவில்லை என்ற நினைப்பும் அவருக்கு இல்லை.

பதினோரு மணிக்கு ஜேசுதாஸ் அண்ணன் வீட்டிலிருந்து ஃபிளாஸ்கோடு வந்தார். மூடியில் ஊற்றி நீட்டினார். அக்கா கதவிலிருந்து கண்ணை எடுக்காமல் வாங்கிக் குடித்தார். காலி மூடியை நீட்டினார். அண்ணன் மறுபடியும் ஊற்றினார். அதுவும் போயிற்று. சற்று நேரத்தில் நர்ஸ் வெளியே வந்து சிரித்தபடி ஏதோ சொல்ல, பெர்லின் சுவரோடு சாய்ந்து அழுதான். பெண் குழந்தை. மூன்று கிலோவுக்கு நூறு கிராம் குறைவு.

குழந்தையைப் பார்த்து, ஜெபம் பண்ணி, முகத்தைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்தபிறகு அக்கா கேட்டார்: "இன்னைக்கு காப்பி நல்லா கொள்ளாம் கேட்டியளா. யாரு போட்டது?"

"நான்தான்."

"இவ்வளவு நல்லா போட அறியும்னா முப்பத்திரெண்டு வருஷமா எதுக்கு மறச்சு வச்சிய?"

அண்ணன் தரையைப் பார்த்தார். "அது காப்பி இல்ல. சாயா. தூள் பாட்டில நீ எங்க வச்சேன்னு தெரியல்ல."

அக்கா ஃபிளாஸ்கைத் திறந்து மோந்து பார்த்தார். கருகின பருப்பை நூறு தட்டுக்கு நடுவில் பிடிக்கிற மூக்கு. இரண்டு மூடி குடித்தும் அது ஒன்றும் சொல்லவில்லை.

"உங்களுக்கு சாயா இஷ்டமா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் இஷ்டம்தான்."

"ஒரு நாளாவது சொன்னியளா?"

"நீ கேக்கல்ல."

அக்கா ஃபிளாஸ்கை இறுக மூடினார். "இத ஒரு ஆளுட்டயும் சொல்லப்பிடாது" என்றார். அண்ணன் சாயங்காலமே சஜிதாவிடம் சொல்லிவிட்டார். பேசாத ஆளிடம் ரகசியம் பத்திரமாக இருக்கும் என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

குழந்தை பிறந்து இரண்டு வாரம் கழித்து மானேஜர் பார்க்க வந்தார். அறுபதை நெருங்கும் வயது, தடித்த கண்ணாடி, கையில் குழந்தைக்கு ஒரு கம்பளிக் குல்லா. பெர்லின் ஆலையிலிருந்து இன்னும் வரவில்லை. சஜிதா சாயா போடச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். வீடு தேடி வந்த பெரிய மனிதருக்கு நல்லதைக் கொடுக்க வேண்டும் என்பது அக்காவின் தீர்மானம். மண்டி தங்கிய தெளிந்த காப்பியைத் தம்ளரில் ஊற்றி வைத்தார்.

மானேஜர் தம்ளரை மூக்கருகே கொண்டுபோனார். முகம் மலர்ந்தது. ஒரு ஸ்பூன் கேட்டார். ஸ்பூனில் எடுத்து, குழந்தை திடுக்கிட்டு விழிக்கிற சத்தத்தோடு உறிஞ்சினார். வாய்க்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினார். எழுந்து போய்க் கைகழுவும் தொட்டியில் துப்பினார்.

அக்கா அப்படியே நின்றுவிட்டார். பிறகு மேசைமேல் இருந்த தம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார். திரும்பி வந்த மானேஜர் ஸ்பூனும் கையுமாகக் காலி மேசையைப் பார்த்தார். சஜிதாவால் இரண்டு பக்கமும் விளக்கம் சொல்ல முடியவில்லை. சிரித்தால் தையல் வலிக்கும் என்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். நல்லவேளையாகப் பெர்லின் வந்து சேர்ந்தான்.

"எனக்க முகத்துக்கு முன்னாலயே துப்பிட்டாருல" என்றார் அக்கா. "முந்திரி ஆலையில சின்னப் பிள்ளையளுகூட எனக்க காப்பிய துப்பினதில்ல."

"அம்மா, அது மரியாதை. ருசி பாக்கியவங்க விழுங்கமாட்டாங்க. ஒரு நாளைக்கு நூறு கோப்பை பாக்கணும், எல்லாத்தையும் விழுங்கினா ஆளு என்ன ஆவும்? ஒனக்க காப்பிய அவரு உள்ளபடியே மதிச்சு பாத்திருக்காரு."

"அப்போ அவருக்க பெஞ்சாதி போடுயதயும் துப்புவாரா?"

அம்மா என்ன சொல்கிறார் என்று மானேஜர் கேட்டார். சீனி வேண்டுமா என்று கேட்கிறார் என்றான் பெர்லின். தொட்டிலுக்குப் பக்கத்திலிருந்து, புருஷனைவிட நல்ல இந்தி பேசும் சஜிதா, மாமி கேட்டதை ஒரு சொல் விடாமல் சொல்லிவிட்டாள்.

மானேஜர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். முப்பது வருடத்தில் மனைவி போட்டதை ஒருநாளும் துப்பியதில்லை, அதற்குத் தைரியம் வந்ததில்லை என்றார். தம்ளர் திரும்பி வந்தது. இந்தமுறை ஸ்பூன் இல்லாமல் முழுவதையும் குடித்து முடித்து, இது எந்த வெல்லம் என்று கேட்டார். அக்கா ஒரு கருப்பட்டியைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். பதிலுக்கு மானேஜர், நாளைக் காலை அம்மா எங்கள் ருசி பார்க்கும் அறைக்கு வரவேண்டும் என்று அழைத்துவிட்டுப் போனார்.

அக்கா சபைக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு போனார். நீண்ட மேசையில் பதினொரு வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றிலும் சாயா. மானேஜர் முதல் கிண்ணத்தில் எப்படிச் செய்வது என்று காண்பித்தார். ஸ்பூன், உறிஞ்சல், துப்பல். அக்கா ஸ்பூனை வாங்கி ஓரமாக வைத்தார். கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து, முழுவதையும் குடித்துவிட்டு வைத்தார்.

"அம்மா, துப்பணும்" என்றான் பெர்லின் மெதுவாக.

"யாரோ ஒருத்தி மழையில நின்னு கிள்ளினது. யாரோ வறுத்தது. நான் துப்பமாட்டேன். நீ சும்மா நில்லு."

இரண்டாவது போயிற்று. மூன்றாவது, நான்காவது போயின. மானேஜர் தன் ஸ்பூனை மறந்துவிட்டு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாவது கிண்ணத்தில் பாதி குடித்தபோது அக்காவின் மூக்கு சுருங்கியது.

"இதுல புகை அடிக்குது."

அம்மா என்ன சொன்னார் என்று மானேஜர் கேட்டார். நன்றாக இருக்கிறதாம் என்றான் பெர்லின். அவன் முகம் வெளுத்திருந்தது. அக்கா மகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கிண்ணத்தைக் காட்டி, விரல்களை நெளித்து நெளித்து மேலே உயர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

விஷயம் இதுதான். இலையைக் காயவைக்கும் டிரையர்களில் இரண்டாம் நம்பரில் புகை கலக்கிறது என்று மானேஜர் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி ஒன்றும் இல்லை, எல்லாம் சோதித்தாயிற்று என்று பெர்லின் ஒரு வாரமாகச் சாதித்துக்கொண்டிருந்தான். ஏழாவது கிண்ணத்தில் இருந்தது அந்த டிரையரின் தேயிலை. மானேஜர் பெர்லினைப் பார்த்துப் புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

"நீ யாருக்கப் பக்கம்மா?" என்றான் பெர்லின் பல்லைக் கடித்துக்கொண்டு.

"எனக்க மூக்குக்கப் பக்கம்" என்றார் அக்கா. சொல்லிவிட்டு ஏழாவதில் மிச்சமிருந்ததையும் குடித்தார். புகை அடித்தாலும் போட்டது போட்டதுதானே. பிறகு மற்ற நான்கையும் முடித்தார்.

அன்று மத்தியானமே டிரையரைப் பிரித்தார்கள். சூடு வரும் குழாயில், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. பெர்லின் இரண்டு நாள் கரியும் வியர்வையுமாகக் கிடந்து அதைச் சரி செய்தான். வீட்டுக்கு வந்தால் அம்மாவிடம் பேசவில்லை. அக்காவுக்கு அது கவனத்திலேயே இல்லை. பதினொரு கிண்ணம் சாயா உள்ளே போனதில் அவருக்கு இரண்டு நாள் கண் மூடவில்லை. குழந்தை சிணுங்கினால் போதும், தொட்டிலருகே அவர்தான் முதலில் நின்றார். குவார்ட்டர்ஸில் இருந்த பாத்திரமெல்லாம் பளபளவென்று ஆயிற்று. அந்த ருசி பார்க்கும் அறைக்கு மாமியை வாரம் ஒருமுறை அனுப்பலாமா என்று சஜிதா புருஷனிடம் கேட்டாள். அப்போதுதான் பெர்லின் மறுபடியும் சிரித்தான்.

அக்காவும் அண்ணனும் ஜனவரியில் திரும்பினார்கள். கிளம்பும்போது மிச்சமிருந்த ஒரு டப்பா தூளும் நாலு கருப்பட்டியும் மானேஜர் வீட்டுக்குப் போயின. அது தீர்ந்ததும் மானேஜர் பெர்லின் மூலம் மறுபடியும் கேட்டு அனுப்பினார். இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அருமனை தபால் ஆபீஸிலிருந்து திப்ருகருக்கு ஒரு பார்சல் போகிறது. அங்கிருந்து தேயிலை வருகிறது. அதில் ஜேசுதாஸ் அண்ணனுக்குத் தினமும் சாயங்காலம் ஒரு சாயா உண்டு. அதைக் கொதிக்கவைக்கத் தனிப் பாத்திரம், காப்பிப் பாத்திரத்தை அதன் பக்கத்தில் வைக்கக்கூடாது.

போன பார்சலுக்கு மானேஜரிடமிருந்து பதில் வந்தது. தூள் அருமை, ஆனால் இந்தமுறை வறுப்பு ஒரு நிமிடம் கூடிவிட்டது என்று. பெர்லின் போனில் பயந்து பயந்துதான் சொன்னான். அக்கா இரண்டு நாள் ஆலையில் யாரோடும் பேசவில்லை. நாங்கள் பிரித்த பருப்பெல்லாம் அந்த இரண்டு நாளும் அவர் கண்ணுக்கு மோசம். மூன்றாம் நாள் சாயங்காலம் சட்டியை அடுப்பில் வைத்து, தீயைத் தணித்து, என்னைக் கூப்பிட்டுப் போன் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். ஒரு நிமிடம் முன்னதாகவே இறக்கினார். கொட்டையைக் கையில் அள்ளி மோந்து பார்த்துவிட்டு, "அவரு சொன்னது நேராக்கும், இதான் பதம்" என்றார்.

அந்தத் தூள் போன திங்கள்கிழமை கிளம்பிவிட்டது. இப்போது வங்காளம் தாண்டியிருக்கும் என்று அக்கா கணக்குச் சொல்கிறார்.